கம்பெனிக்கு வந்த படம்

ஒரு காலத்தில் திருப்பூர் பனியன் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமாக் கொட்டகை. ராயபுரம் பொங்கியண்ணன் வரிசையில் போய் நின்றபோது பிரம்மச்சாரி. ஜன்னலை எட்டியபோது இரண்டு முழு டிக்கெட்டும் மூன்று அரை டிக்கெட்டும் கேட்டார். அப்புறம் டிவி வந்தது. ஒரு பெட்டிக்கு முன்னால் லைன் வீடே கூடி, ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் செல்போன், ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு மூலை. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து அருள்புரத்தில் ஓவர்லாக் தைக்கும் ராமர், பெண்டாட்டி ஒச்சாயியை ஒன்பது வருஷமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தான்.

"இந்த வாரமும் போகலேன்னா ஊருக்குப் பஸ் ஏறிருவேன். அப்புறம் நீயே பொங்கித் தின்னு" என்றாள் ஒச்சாயி. சொன்னால் செய்கிறவள்.

ராமர் லீவு கேட்டான். முதலாளி மகுடேஸ்வரன் கோபப்படவில்லை. பெற்ற மகனை அடிக்கும்போதுகூட 'ங்க' போட்டு அடிக்கிற மனிதர்.

"ஏனுங்க ராமரு, படந்தானுங்களே? அதுக்கு நீங்க எதுக்குங்க தியேட்டருக்குப் போவோணும்? படத்த இங்க வரச் சொல்லிப்போடறனுங்க. அம்மணியையும் கூட்டிட்டு வாங்க."

வந்தது. ஞாயிறு மதியம் தையல் ஹால் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படம் ஓடியது. மிஷின்களும் ஓடின. ஒச்சாயிக்குப் புருஷன் பக்கத்திலேயே நாற்காலி. கை சும்மா இருக்க வேண்டாமென்று ஒரு கத்தரியும், பிசிறு வெட்ட முன்னூறு பனியனும்.

இருபது வருஷமாக ஊசியை விட்டுக் கண்ணெடுக்காத ராமர், கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தபோது ஒரே ஒரு தடவை நிமிர்ந்தான். ஊசி ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கியது.

"படத்த நிறுத்துங்கய்யா!" என்று அலறினான்.

"யோவ், ஒன் வெரலு நாளைக்கும் இருக்கும். படம் இருக்குமா?" என்றான் பின்வரிசை ராஜபாண்டி.

மகுடேஸ்வரன் ஓடி வந்தார். பனியனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளைங்க, கறை படலீங்க. கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க." ராமர் எழுவதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான்.

வாசற்படியில் விரலுக்கு வேஸ்ட் துணி சுற்றிக்கொண்டு ராமர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏ ஒச்சாயி, ரத்தம் நிக்கல. ஆசுபத்திரிக்குப் போகணும், வா."

ஒச்சாயி திரும்பவில்லை. கத்தரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒம்போது வருசம் நான் பொறுக்கலையா? இடைவேளை விடட்டும், வாரேன்."

படத்தில் இடைவேளை இல்லை. மகுடேஸ்வரன் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்.