முந்தி வந்த மாலை

கறம்பக்குடி சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக வந்து நிற்கிறவன் ரத்தினவேல். சில வீடுகளில் சொந்தக்காரர்களுக்கும் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறான். கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான் என்று பேர். கடையைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி செவந்தி. அவன் பார்த்துக்கொண்டது கட்சியை. சாவு வீட்டில் பந்தலுக்குக் கால் நடுவான், விறகு பிளப்பான், பாடைக்குத் தோள் கொடுப்பான். கட்சியைப் பற்றி மூச்சுவிட மாட்டான். விட வேண்டிய அவசியமும் இல்லை, தோளில் கிடக்கிற கரைத்துண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இது ஆரம்பித்தது புங்கவிடுதியில். கட்சி நின்ற முதல் தேர்தல் சமயம், கட்சிக்காரன் என்றால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவும் யோசித்த காலம். ஒரு அடைமழை நாளில் அங்கே கூலிக்காரர் ஒருவர் செத்துப்போனார். தூக்குவதற்கு ஆள் பற்றவில்லை. அந்த ஊரில் கட்சிக்கு முதல் ஆளாகச் சேர்ந்திருந்த மலையாண்டி, "வா ரத்தினம், நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிப்போம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேறு முழங்காலுக்கு இருந்தது. சுடுகாடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரும் இரண்டு முறை விழப்பார்த்தார்கள். அடுத்த வாரம் அந்தத் தெருக்காரர்களே மூங்கில் வெட்டிவந்து கட்சிக்குக் கொடிக்கம்பம் நட்டார்கள். மலையாண்டி பாடை தூக்கியதை அன்றைக்கே மறந்துவிட்டார். ரத்தினவேல் மறக்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

பூக்கடைக்காரர், வெட்டியான், பந்தல் போடுகிறவர் எல்லோரிடமும் சொல்லிவைத்தான். சாவுச் செய்தி எங்கிருந்து கிளம்பினாலும் முதலில் சைக்கிள் கடைக்கு வந்துவிடும். கட்சிக்காரர் செத்தால் உடம்பின்மேல் கொடி போர்த்தி, மாலை போட்டு, மயானத்தில் நாலு வார்த்தை பேசுவான். கல்லும் கரையும் பேச்சு. போன தேர்தலில் புங்கவிடுதி ஓட்டு மொத்தமாக வந்தது. எதிர்க்கட்சிக்கு வேலை செய்த அரிசிக்கடை நல்லதம்பியும் இதைப் பார்த்துச் சாவு வீடுகளுக்குக் கிளம்ப, யார் முதலில் மாலை போடுவது என்று போட்டியாகிவிட்டது. செத்தவருக்கு இது தெரிந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

போன ஆடியில் மலையாண்டி ஈரல் வீங்கிப் படுத்தார். ரத்தினவேலுக்கு உடனே தெரிந்துவிட்டது. போகவேண்டும் என்றுதான் நினைத்தான். ஆவணியில் நினைத்தான், ஐப்பசியில் நினைத்தான். மாசியில் தேர்தல்; அலைச்சலுக்குக் குறைவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் நோயாளி ஒருவர்தான் பார்ப்பார், சாவுக்குப் போனால் ஊரே பார்க்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு அவனுக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தானேகூட இவ்வளவு பச்சையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

தை மாதம், சந்தை நாள் காலை. டீக்கடை முனியசாமி ஓட்டமாக வந்தார்.

"மலையாண்டிக்கு ராத்திரி பால் ஊத்திட்டாங்களாம்ப்பா. புங்கவிடுதி வண்டிக்காரன் சொல்லிட்டுப் போறான்."

கடைசிப் பால் ஊற்றிவிட்டார்கள் என்றால் முடிந்த மாதிரிதான். ரத்தினவேலுக்குத் துக்கம் வந்தது, அது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடுத்த நொடியே, நல்லதம்பி கடை திறந்திருக்கிறதா என்று அவன் கண் தெருக்கோடிக்குப் போனது. அதுவும் பொய்யில்லை. கடை பூட்டியிருந்தது. தனக்கு முன்னால் எதிர்க்கட்சிக்காரன் மலையாண்டிக்கு மாலை போட்டால் அந்த ஊர் ஓட்டு என்னாகும்? எட்டிப் பார்க்காத இத்தனை மாசத்துப் பழி என்னாகும்? இன்றைக்குச் செய்கிற மரியாதையில் அதெல்லாம் அடிபட்டுப் போகவேண்டும். இருப்பதிலேயே கனமான மாலையை வாங்கி வாழையிலையில் சுற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டான். புதுக் கொடியை மடித்துப் பையில் வைத்தான். வெந்நீர் போட்டு வை, கேதத்துக்குப் போகிறேன் என்று செவந்தியிடம் சொல்லிவிட்டு மிதித்தான்.

வழியெல்லாம் பேச்சுத் தயாரானது. "இந்த மண்ணில் எங்களுக்கு நிற்க இடம் தந்தவர். இன்று..." அந்த இடத்தில் குரல் உடையவேண்டும் என்று நினைத்தான். தானாகவே உடைந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

மலையாண்டி வீட்டு வாசலில் பந்தல் இல்லை. கொட்டுச் சத்தம் இல்லை. வேப்பமரத்தடியில் சொந்தக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லதம்பியைக் காணோம். பந்தலுக்கு முன்னாலேயே வந்துவிட்டோம் என்று நினைத்தானே தவிர, ஏன் பந்தல் இல்லை என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. செருப்பைக் கழற்றினான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "எங்களை விட்டுப் போயிட்டியேண்ணே!" என்று வாய்விட்டு அலறியபடி உள்ளே நுழைந்தான்.

"யாரு, ரத்தினமா?" என்றார் மலையாண்டி.

கீழே பாயில் கிடந்தார். வயிறு மட்டும் மேடாக, மற்றதெல்லாம் எலும்பாக. தலைமாட்டில் அவர் மனைவி கண்ணாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். நேற்று ராத்திரி பால் ஊற்றியது உண்மைதான். ஊற்றிய பால் உள்ளே இறங்கி, விடியற்காலை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டிருக்கிறார்.

ரத்தினவேலுக்குக் கையிலிருந்த மாலை மலையாகக் கனத்தது. கீழே போடவும் முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் மறைக்கவும் முடியவில்லை. வேப்பமரத்தடிக்காரர்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். கண்ணாத்தாள் மாலையைப் பார்த்தாள், அவன் இடுப்புத் துண்டைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. விளக்குமாற்றை எடுத்திருக்கலாம், நியாயம்தான்.

"கட்சியில ஒங்களுக்கு மாலை போடணும்னு தம்பி வந்திருக்காக," என்றாள் புருஷனிடம். "கொஞ்சம் தலையைத் தூக்குங்க."

அவளே கழுத்தடியில் கைகொடுத்துத் தூக்கினாள். ரத்தினவேல் மண்டிபோட்டு மாலையைப் போட்டான். எத்தனையோ பேருக்கு மாலை போட்ட கை. போட்டுக்கொண்டவர் திருப்பி அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நல்ல மாலை," என்றார் மலையாண்டி. "இம்புட்டு நாள் கட்சியில இருந்தேன், என் கழுத்துல ஒண்ணு விழுந்ததில்லை. உக்காரு."

உட்கார்ந்தான். தலைமாட்டில் ரொட்டிப் பொட்டலமும் ஆரஞ்சுப் பழமும் இருந்தன. நோயாளியைப் பார்க்க வருகிறவன் கொண்டுவருகிற சாமான். கண்ணாத்தாள் ஒரு பழத்தை உரித்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. நல்லதம்பி அண்ணன் நேத்து வாங்கியாந்தது. வாராவாரம் வந்துருவாக."

"கட்சி பேசமாட்டான்," என்றார் மலையாண்டி. "மழையைப் பத்தி, மாட்டைப் பத்திப் பேசிட்டுப் போவான்."

ரத்தினவேல் சுளையை வாயில் போட்டான். முழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. மனசுக்குள் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொண்டான். நல்லதம்பியை முந்தவேண்டும் என்று வந்தவன், ஆடி மாசத்திலிருந்தே அவனுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். வெட்கத்தில் காது மடல் சுட்டது. மன்னிச்சுக்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தான். வாசலில் ஆட்கள் நிற்கிறார்களே என்று தோன்றியது. அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் தோன்றியது.

"எலெக்சன் எப்படிப் போகுது?" என்று கேட்டார் மலையாண்டி. "பரவாயில்லைண்ணே" என்றான். மலையாண்டி கண்ணை மூடினார். மார்பில் மாலை ஏறி ஏறி இறங்கியது.

தூங்கிவிட்டார் என்று நினைத்து ரத்தினவேல் மெல்ல எழுந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினான். கேத வீட்டில் யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொன்னால் அடுத்த சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். குனிந்த தலையோடு சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம். கால் தானாகச் செய்தது. சைக்கிளில் கைவைத்த பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரத்தினம். சொல்லிக்காமப் போறியே."

ரத்தினவேல் திரும்ப உள்ளே போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மலையாண்டி கண் திறந்திருந்தது. கோபம் இல்லை அதில். இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"போயிட்டு... வாரேண்ணே."

"வா." மூச்சு வாங்கிக்கொண்டார். "பையில கொடி இருக்கும்ல? அதையும் குடுத்துட்டுப் போ. மாலையும் கெடக்கட்டும், கண்ணாத்தா, கழட்டாதே. தேர்தல் நேரம். அவன் எதுக்கு ரெண்டு வாட்டி அலையணும்?"

கண்ணாத்தாள் எழுந்து வந்து கையை நீட்டினாள். ரத்தினவேல் பையைத் திறந்து, மடிப்புக் கலையாத கொடியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.