ஒரு கரண்டி குறைகிறது

இன்ஜினியரம்மாவின் சமையலறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கரண்டியின் உருவத்தையும் அதில் கறுப்பு மையால் வரைந்து, அதனதன் இடத்தில்தான் மாட்டுவாள். "உன் அடுப்பு என்ன, பறக்கவா போகுது?" என்பார் கணவர். விமானத் தொழில்நுட்பம் படித்த காலத்துப் பழக்கம் அது. கல்லூரிப் பட்டறையில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும், அது விமானத்துக்குள் சிக்கியிருந்தால் ஆபத்து என்று, கிடைக்கும்வரை ஒருத்தரும் வாசல் தாண்ட முடியாது.

ஒருமுறை திருப்புளி ஒன்று காணாமல்போய், வகுப்பே பொழுது சாயும்வரை பசியோடு தேடியது. இத்தனைக்கும் பயிற்சிக்காக நிறுத்தியிருந்த அந்த ஓட்டை விமானம் ஜென்மத்துக்கும் பறக்கப்போவதில்லை. கடைசியில் இறக்கைக்குள் ஊர்ந்துபோய் அதை எடுத்து வந்தவளுக்கு அன்றிலிருந்து எலி என்றே பெயர்.

அந்த எலிதான் இத்தனை வருஷம் கழித்து இன்று வந்திருந்தாள். பழங்கதை பேசிச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. "ராத்திரி தங்கிட்டுப் போயேன்டி" என்று கெஞ்சியதற்கு மட்டும் அவள் மசியவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சு. எதுக்கும் உன் பலகையை ஒரு தடவை பாத்துக்கோ" என்றாள் எலி, செருப்பை மாட்டியபடி.

இன்ஜினியரம்மா பார்த்தாள். ஒரு கரண்டியின் இடம் காலியாக இருந்தது.

"ஒண்ணு குறையுதுடி!"

"அடக் கடவுளே! அப்ப யாரும் வெளிய போகக் கூடாதே!" எலி பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, அடுப்புமேடைக்கு அடியில் குனிந்து மும்முரமாகத் தேடத் தொடங்கினாள்.

பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே, புடவை மடிப்பிலிருந்து கரண்டிக் காம்பு எட்டிப் பார்த்தது.

இன்ஜினியரம்மா சத்தமில்லாமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நல்லாத் தேடுடி" என்றாள். "இப்போதைக்குக் கிடைக்கிற மாதிரி தெரியல."