சில்லறை வீடு

வெல்டன் கின்னுனென் மரலாரி ஓட்டியவன். கட்டு அறுந்து உருண்ட மரம் ஒன்று முதுகில் விழுந்த பிறகு அவனால் நேராக நிமிர முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடித்தாக வேண்டும். அதிலிருந்து குடும்பத்தைத் தாங்கியது அவன் மனைவி மார்லிஸ். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு.

தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டிய மரவீடு அவர்களுடையது. பெரிய ஏரியிலிருந்து கிளம்பும் காற்று எங்கள் ஊரில் முதலில் முட்டுவது அந்த வீட்டின் வடக்குச் சுவரில்தான். சுவருக்குள் ஒன்றும் கிடையாது, வெறும் பொந்து. ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஒட்டுவார்கள். கதவடியில் பழைய துண்டுகளைச் சுருட்டி வைப்பார்கள். அப்படியும் சமையலறை அடுப்பின் கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் கோட்டோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டியிருந்தது. குளிர் ஏற ஏற வெல்டனின் முதுகு இறுகும். காலையில் மார்லிஸ் அவனைப் புரட்டி, தோள்கொடுத்து எழுப்புவாள்.

எங்கள் மின்சாரக் கூட்டுறவில் ஒரு ஏற்பாடு உண்டு. விருப்பப்பட்டால் பில்லை அடுத்த முழு டாலராக்கிக் கட்டலாம். கூடுதலாக வரும் அந்தச் சில்லறை ஒரு நிதியில் சேரும். அதைக் கொண்டு வருஷத்துக்குச் சில ஏழை வீடுகளைக் குளிர் புகாதபடி சரிசெய்து கொடுப்பார்கள். ஊரில் பாதிப்பேர் கொடுத்தார்கள். கொடுப்பவருக்கே தெரியாத அளவு சின்னத் தொகை.

மார்லிஸ் அதற்கு எழுதிப் போட்டாள். வெல்டனிடம் சொன்னது வேறு.

"மாநில அரசாங்கத் திட்டமாம். நாம கட்டுன வரிதான் திரும்பி வருது."

"வரட்டும், வரட்டும். அவனுங்களுக்கு எவ்வளவு கட்டியிருக்கேன்! வட்டியோட தரட்டும்," என்றான் வெல்டன்.

இலை உதிர்ந்த சமயத்தில் ஆட்கள் வந்தார்கள். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, காற்று எங்கெங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்த்தார்கள். சுவரில் துளை போட்டு, பொடித்த காகிதப் பஞ்சைக் குழாயால் உள்ளே அடித்தார்கள். ஜன்னல்களை மாற்றினார்கள். முதல் பனி விழுந்த அன்று வெல்டன் வீட்டுக்குள் வெறும் காலோடு நடந்தான். ஒரு வாரம் கழித்து, மார்லிஸ் கண் விழிப்பதற்குள் தானாகவே எழுந்து காபி போட்டு வைத்திருந்தான். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அழுதாள். "காபி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டான்.

கூட்டுறவு ஆபீஸிலிருந்து டெனிஸ் என்ற பெண் கேமராவோடு வந்தாள். "ஒரே ஒரு போட்டோதான், சுவர்ல கை வச்சுக்கிட்டு நில்லுங்க," என்றாள். "இவங்க எதுக்கு?" என்று வெல்டன் முணுமுணுத்தான். "ஆளுங்களை அனுப்புனது இவங்கதான்," என்றாள் மார்லிஸ். அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்து நின்றான்.

படம் கூட்டுறவின் மாதப் பத்திரிகையில் வந்தது. பத்திரிகை வீடு வீடாகப் போயிற்று. அட்டையில் வெல்டனும் மார்லிஸும். கீழே, "உங்கள் சில்லறை, இவர்கள் வீட்டின் வெதுவெதுப்பு!"

வெல்டன் அதை முதலில் பார்த்தது லைலின் பெட்ரோல் பங்கில். லைலும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். வருஷா வருஷம் மான் வேட்டைக்கு ஒரே குடிலில் படுத்தவர்கள். அங்கே தினமும் காபி குடிக்க வருகிற கூட்டம் கூடியிருந்தது. வெல்டன் நுழைந்ததும் லைல் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினான்.

"வாடா சில்லறை!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான், "என் முப்பத்தேழு சென்ட் எந்த ஜன்னல்ல இருக்கு, வெல்டன்? வந்து எட்டிப் பாக்கணும்."

"எனக்கு வடக்குச் சுவர். அதுல சாயாத, சொல்லிட்டேன்," என்றான் இன்னொருவன்.

வெல்டனும் சிரித்துப் பார்த்தான். பிறகு பத்திரிகையை வாங்கி, கடைசி வரிவரை நின்றபடியே படித்தான். காபிக்குக் காசு எடுத்தபோது லைல் கையை மறித்தான். "வேணாம்டா. உன்னைத்தான் தத்தெடுத்தாச்சே."

வீட்டுக்கு வந்து கத்தினான். "அரசாங்கம் குடுத்தா அது பொது, யாரும் சொல்லிக்காட்ட முடியாது. லைல் குடுத்தா? அவனா எனக்குக் கம்பளி போத்தணும்?"

"உனக்கு மானம் போச்சு, எனக்குத் தோளு போச்சு," என்றாள் மார்லிஸ். "இத்தனை குளிர்காலம் உன்னைத் தூக்கித் தூக்கிப் போன தோளு. நிஜத்தைச் சொல்லியிருந்தா சரின்னிருப்பியா?"



அடுத்து எதிர்வீட்டு ஆர்லீன் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் வாசலோடு கொடுத்துவிட்டுப் போகிறவள், இந்தத் தடவை உள்ளே வந்தாள். கையுறையைக் கழற்றிச் சுவரைத் தடவினாள். கூடத்தில் ஹீட்டரின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் காட்டும் சூட்டுமானியைக் குனிந்து பார்த்தாள்.

"எழுபத்திரண்டா! நாங்க அறுபத்தாறுக்கு மேல வைக்கிறதில்லம்மா. அவருக்கு முட்டிவலி வேற. இருந்தாலும் என்ன பண்றது, பில்லு கட்டணுமே." பிறகு கண்ணைத் திருப்பினாள். "டிவி புதுசா?"

"என் அக்கா பையனோட பழசு."

"சும்மாதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காத."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எழுபத்திரண்டு எழுபத்தெட்டாயிற்று. மதியத்துக்குள் எண்பதைத் தாண்டிவிட்டது. கின்னுனென் வீட்டில் ஜனவரியில் பனியனோடு திரிகிறார்களாம், நம் காசில்.

வெள்ளிக்கிழமை பழைய படைவீரர் மன்றத்தில் மீன் விருந்து. வெல்டன் வரமாட்டேன் என்றான். "போகலேன்னா இன்னும் பேசுவாங்க," என்று மார்லிஸ் இழுத்துப் போனாள். சாப்பாட்டுக்கு நடுவே குலுக்கல் சீட்டு எடுக்க லைல் மைக்கைப் பிடித்தான்.

"மிச்சச் சில்லறையை யாரும் பாக்கெட்ல போடாதீங்க. வெல்டன் வீட்டுல இன்னும் கக்கூஸ் ஜன்னல் பாக்கி இருக்கு!"

மன்றமே சிரித்தது. எங்கிருந்தோ ஒரு நாணயம் பறந்து வந்து வெல்டனின் தட்டில், மீன் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் நாலைந்து. வெல்டன் மார்லிஸைப் பார்த்தான். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கடத்தில் வருகிற, வாயோரச் சிரிப்புதான் அது. ஆனால் சிரிப்பு.

மேஜையைப் பிடித்து எழுந்தான். எழ நேரமாயிற்று. அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பனிப்புயல். வேலைக்குப் போன மார்லிஸ் அங்கேயே மாட்டிக்கொண்டாள். சாலை திறக்கும்வரை முதியோர் இல்லத்தைவிட்டு யாரும் கிளம்ப முடியாது. வீட்டில் வெல்டன் ஹீட்டரை அணைத்தான். மாடியும் கீழும் எல்லா ஜன்னல்களையும் திறந்தான். வாசல் கதவை அகலத் தள்ளிக் கட்டை வைத்தான். ஒரு கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லையில் வியர்வைக் குளியலுக்காக விறகடுப்போடு கட்டியிருந்த சவுனா அறைக்குப் போனான். போகிற வழியில் எதிரே பனி தள்ளிக்கொண்டிருந்த ஆர்லீனைப் பார்த்துக் கத்தினான்.

"வாங்க ஆர்லீன்! இப்ப எத்தனை காட்டுதுன்னு வந்து பாருங்க!"

ஆர்லீன் போன் போட்டு எல்லாரிடமும் சொன்னாள். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சாலை திறந்ததும் மார்லிஸ் வந்தாள். தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்திருந்தன. மாடிப்படியில் தண்ணீர் வழிந்து வழிந்து உறைந்து கண்ணாடிபோல் நின்றது. சுவர்ப்பலகைகள் பிளந்து, நனைந்த காகிதப் பஞ்சு குடல்போலத் தொங்கியது. படுக்கையறைக் கூரை அவள் கட்டில் மேல் விழுந்து கிடந்தது.

சவுனா அறையில் அடுப்பெரிய, வெல்டன் பலகையில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"அவங்களோடதை அவங்களுக்கே திருப்பிட்டேன்."

"என் கட்டிலும் அங்கதான இருந்தது, வெல்டன்? என்னோடதை யார்கிட்ட திருப்பின?"

"லைல்கிட்ட போய்க் கேளு. அவன் சொன்னாத்தான் உனக்குச் சிரிப்பு வருமே."

அவள் கதவைச் சாத்தவில்லை. திறந்தபடி விட்டுப் போனாள். தெற்கே அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயே ஒரு விடுதியில் துணி வெளுக்கச் சேர்ந்தாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் என்று நிதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். குடியிருக்க லாயக்கில்லை என்று ஊர் அதிகாரிகள் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள்; வெல்டன் சவுனாவிலேயே தங்கிவிட்டான். லைல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நல்லதுக்குக் காலமில்ல. நான் அன்னிக்கே நிறுத்திட்டேன், அந்தச் சில்லறை குடுக்கறத," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் உதவி கேட்டு வந்தது ஒரே ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. போட்டோ எடுக்க வேண்டியிருக்கும் என்று டெனிஸ் சொன்னதும், எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு முன்பே, அந்தக் குளிர்காலத்துப் பனி கரைந்தபோது, மார்லிஸ் மிஞ்சிய சாமான்களை எடுக்க வந்தாள். பாத்திரப் பெட்டியைத் தூக்கக் குனிந்த வெல்டன் அப்படியே மாட்டிக்கொண்டான். அவள் பழக்கத்தில் தோளைக் கொண்டுபோனாள்.

"வேணாம்," என்றான்.

அவள் விலகி நின்றாள். அவன் தானாக நிமிர்வதற்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை காரின் இஞ்சினை அணைக்காமல் காத்திருந்துவிட்டு, பெட்டியை அவளே ஏற்றிக்கொண்டு போனாள். வெல்டன் சவுனாவுக்குள் போய் அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டான்.