பழுக்காத கண்

இலத்தூரில் கண் மங்குவது ஒரு செய்தியே இல்லை. ஐம்பதைத் தாண்டினால் தலை நரைக்கும், பல் ஆடும், கண் மங்கும். இதற்கெல்லாம் யாராவது ஒப்பாரி வைப்பார்களா? சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற ஆள் அநேகமாக வீட்டுக்கு ஒருவர் இருந்தார். தெருவில் படுத்துக் கிடக்கும் நாய்கூட அவர்கள் வந்தால் எழுந்து வழிவிடப் பழகியிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டால் ஊருக்கு ஒரே பதில்தான்: உடம்புச் சூடு. அடுப்புப் புகையில் வெந்தவளுக்கும் சூடு, ஆயுசெல்லாம் வயல் வெயிலில் நின்றவனுக்கும் சூடு, நீரிழிவுக்காரனுக்கும் சூடு. எல்லார் கண்ணிலும் விழுந்திருப்பது ஒரே புரைதான் என்று ஊர் தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது. படித்தவனாவதற்குப் பாடம் கேட்க வேண்டும், வைத்தியனாவதற்கு மட்டும் ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது.

சிவனணைந்தபெருமாளும் அப்படித்தான் நினைத்தார். அவர் பெயரை முழுக்கச் சொன்னால் வாய் வலிக்குமென்று ஊரார் பெருமாள் என்றே சுருக்கிக்கொண்டார்கள். குளத்துப் பாசன நெல்லில் பிறந்து வளர்ந்த மனிதர். கதிரைக் கையில் வாங்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளினால், இன்றைக்கு அறுக்கலாமா, இன்னும் நாலு நாள் விடலாமா என்று சொல்லிவிடுவார். அவர் சொல் தப்பியதில்லை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

அறுபதாவது வயதில் அவருடைய இரண்டு கண்ணும் வெளுத்தன. புரை நன்றாக முற்றின பிறகுதான் டாக்டர் கத்தி வைப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. முற்றும்வரை காத்திருந்து, 1934ஆம் வருஷம் தென்காசியில் ரயிலேறித் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு மனைவி சங்கரம்மாள் போனாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளை விட்டால் யார் போவார்கள்?

அறுவை முடிந்து இரண்டு கண்ணையும் கட்டிப் போட்டார்கள். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, இருமக் கூடாது. சங்கரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை முக்காலியில் வைக்கிறேன் என்று தரையில் போட்டாள். முக்காலி அவள் இடது கை ஓரத்திலேயே இருந்தது. நர்ஸ் ஞானபாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஆச்சி, ஒங்களுக்கும் கண்ணு சரியில்ல போல தெரியுதே. டாக்டர் ஐயா வரும்போது காட்டிருங்க.”

“ஆமா தாயி. விளக்கப் பாத்தா சுத்தி வானவில்லு மாதிரி வட்டம் தெரியுது. நெத்தி வேற தெறிக்கி” என்றாள் சங்கரம்மாள் ஆவலாக. ஒருவர் கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம்.

கட்டிலிலிருந்து பெருமாள் பதில் சொன்னார். “அவளுக்கு இன்னும் பழுக்கலம்மா. கண்ணு கறுப்பாத்தான் இருக்கு. பச்சக் கதிர அறுத்து என்ன செய்ய? பதறாத காரியம் சிதறாது.”

ஞானபாக்கியத்தை அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.  கண்ணை அறுத்துக்கொண்டு புருஷன் கிடக்கிறபோது என் கண்ணுக்கு என்ன அவசரம் என்று சங்கரம்மாளும் இருந்துவிட்டாள். டாக்டர் வந்த நேரமெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, கதவோரமாக ஒதுங்கி நின்றாள். அவர் பேசியதெல்லாம் கட்டிலோடுதான்.

கட்டை அவிழ்த்து, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டதும் பெருமாளுக்கு உலகம் திரும்பி வந்தது. ஊருக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? கத்தி பட்டுப் பிழைத்த கண் அல்லவா, அதற்கு ஒரு மவுசு வந்துவிட்டது. கண் மங்கியவர்களெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். வெயிலில் நிறுத்தி, இமையை விரித்து, காய், செங்காய், பழம் என்று தரம் பிரித்தார். பழம் என்று அவர் சொன்ன இரண்டு மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்வையோடு வந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? அவர் சொல் வேதவாக்காயிற்று.

சங்கரம்மாளின் கண்ணை மட்டும் தினமும் பார்த்தார். அவள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் முற்றத்து வெயிலில் அவளை உட்காரவைத்து, முகத்தை ஏந்தி உற்றுப் பார்ப்பார். ஒரு வெள்ளைப் பொட்டாவது விழுந்திருக்கிறதா? இல்லை. கறுகறுவென்று கல்யாணத்தன்று பார்த்த அதே கண்.

“இன்னும் காய்தான் ஏட்டி. பொறு.”

“எனக்கு என்னமோ வேற மாதிரி இருக்கு. நேரே வாரது தெரியுது, பக்கத்துல வாரது தெரியல. ஊதுகுழல் ஓட்டைக்குள்ள பாக்குத மாதிரி இருக்கு.”

“அப்படித்தான் ஆரம்பிக்கும். எனக்குத் தெரியாதா?”

அவருக்கு அப்படி ஆரம்பிக்கவே இல்லை. அவருக்கு எல்லாப் பக்கமும் புகை மூட்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுத்தால் சூடு இறங்கும் என்ற எண்ணம். பெண்கள் பக்கம் போனவள் ஓரத்துப் பாறையைக் காணாமல் இடறி, முழங்கால் சதை பிய்ந்து நின்றாள். ஜாஹிரா பீவி என்ற ஒரு புண்ணியவதிதான் அவள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். “அண்ணாச்சி, இவங்களுக்கு அருவி தெரியுது, நான் பக்கத்துல நிக்கது தெரியலயே” என்றாள். பழுக்கத் தொடங்கிவிட்டது என்று பெருமாள் உள்ளூரச் சந்தோஷப்பட்டார். 

மறு வருஷம் மாசி மாதம் ஒருநாள் காலை. சங்கரம்மாள் வழக்கம்போல முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பெருமாள் எதிரில் குத்தவைத்து, மூச்சு மேலே படாமல், அவள் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. சொல்லலாம் என்று அவர் வாயெடுத்தபோது, அவள் தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“உக்காந்து எம்புட்டு நேரமாச்சு. எப்ப வாரிய?”

பெருமாள் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடச்சொல்லி, ஒரு கண்ணின் இமை மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். மறு கண்ணையும் அழுத்தினார். விளக்கை அருகில் கொண்டுபோனார், எடுத்தார். பிறகு பெருமாளை உட்காரச் சொன்னார்.

“இது புரை இல்லை பெரியவரே. புரைங்கிறது கண்ணாடியில அழுக்குப் படிஞ்ச மாதிரி, எடுத்திடலாம். இது கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பையே நசுக்கிற நோய். பக்கவாட்டுப் பார்வை முதல்ல போகும், நடுவுல உள்ளது கடைசியா போகும். கண்ணு கல்லு மாதிரி இருக்கு.”

“பழுக்கட்டும்னுதான் ஐயா...”

“இது பழுக்காது. கடைசிவரைக்கும் கறுப்பாத்தான் இருக்கும். செத்த நரம்பு திரும்பாது. ஒரு ரெண்டு மூணு வருஷம் முன்னால வந்திருந்தா இருந்த பார்வையைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்.”

 சங்கரம்மாள்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை, விவரம் சொல்கிற குரல்.

“வந்திருந்தேன் ஐயா. இவியளுக்குத் துணைக்கு வந்தேன். அந்தக் கதவோரமாத்தான் நின்னேன்.”

டாக்டர் விளக்கைக் கீழே வைத்தார். பிறகு, “கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா? இது குடும்பத்துல வரக்கூடிய நோய். அவங்களையாவது உடனே கூட்டிட்டு வாங்க” என்றார்.

திரும்புகிற ரயிலில் பெருமாள் அழுதார். அடக்கிக்கொண்டு அழுதார் என்று சொல்ல மாட்டேன், பெட்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கத்தான் அழுதார். சங்கரம்மாள் கையால் தடவி அவர் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.

“அழுதது போதும். பாவூர்சத்திரம் வந்தா சொல்லுங்க, எறங்கணும். முத்துவடிவு வீட்டுக்குப் போகணும்.”

முத்துவடிவு அவளுடைய தங்கை. வீரகேரளம்புதூரில் பிச்சையாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிச்சையா களத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மயினி சங்கரம்மாளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

“இவளுக்கு என்ன அண்ணாச்சி? சாயங்காலமானா விளக்கச் சுத்தி வட்டம் தெரியுதுங்கா, அவ்வளவுதான். பொங்கலுக்கு வந்தப்ப நீங்கதான வெயில்ல நிறுத்திப் பாத்திய? காய்தான், பொறுன்னு நீங்கதான சொன்னிய? அறுப்பு நடக்குத நேரம். ரெண்டு வருஷம் போகட்டும்.”

“நான் சொன்னது தப்பு பிச்சையா” என்றார் பெருமாள். 

“நீங்க சொல்லி என்னைக்கு அண்ணாச்சி தப்பிருக்கு? மனசு ஒடிஞ்சு பேசுதிய.”

உள்கதவருகே முத்துவடிவு நின்றாள். அக்காள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

சங்கரம்மாள், பிச்சையாவின் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள்.

“தம்பி, கிட்ட வந்து என் கண்ணப் பாருங்க.”

மயினியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பிச்சையாவுக்குப் பழக்கமில்லை. தயங்கி வந்தார், குனிந்து பார்த்தார்.

“எப்படி இருக்கு?”

“கறுகறுன்னு நல்லாத்தான் இருக்கு மயினி. ஒரு பொட்டு வெள்ளை இல்ல. இவ கண்ணு மாதிரியேதான் இருக்கு.”

“நீங்க குனிஞ்சு பாக்கியளா, எந்திச்சுப் போயிட்டியளான்னு எனக்குத் தெரியல தம்பி. அம்புட்டு நல்ல கண்ணு இது.”

பிச்சையா குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, மனைவி பக்கம் திரும்பாமலே, “ஏட்டி, மாத்துச் சேலை எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வண்டி பூட்டப் போனார்.