பைரைட் மூட்டை

கிட்ட வா, நெலி. மெதுவா பேசு, காவல்காரன் காதுல விழுந்துடும்.

காலையில இருட்டோடவே நானும் அம்மாவும் சுரங்கத்துக்கு வெளிய கழிவு மேட்டுல ஏறிட்டோம். பனி ஒட்டின கல்லைத் தொட்டா விரல் தோல் பிச்சுக்கிட்டு வருது. வண்டி கொட்டுற கழிவுல தங்கத்துணுக்கு இருந்தா பொறுக்கிக்கலாம், பொம்பளைங்களுக்கு அவ்வளவுதான். நாம உள்ள கால் வச்சா தங்கம் ஓடி ஒளிஞ்சுக்குமாம்.

இன்னைக்கு அப்பாவோட நாள். முப்பது நாள் கூலியே இல்லாம உடைச்சதுக்கு, ஒரே ஒரு நாள், சங்கு ஊதுற வரைக்கும் முதுகுல தூக்குற கல்லெல்லாம் அவருக்கு. அதை வச்சுத்தான் தங்கச்சியைக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நேத்து ரத்தமா துப்பினா.

அப்பா மூட்டையோட வெளிய வந்தாரு. வாயில களைப்பு தெரியாம மெல்லுற கோக்கா இலை, முகமெல்லாம் சிரிப்பு. அம்மாகிட்ட சொன்னாரு, "எவுலாலியா, சுவரே மின்னுது பாரு!"

அம்மா ஒரு கல்லை எடுத்து சுத்தியால ஒரு போடு போட்டா. பொறி பறந்துச்சு. கல்லு தூளாச்சு. கந்தக நாத்தம்.

"பைரைட்யா இது, வெறும் மினுக்குக் கல்லு. தங்கம்னா நசுங்கும், இப்படி நொறுங்காது. தினம் இதைத்தானே நாங்க மேட்டுல தூக்கி எறியறோம்!"

"இது பக்கத்துலதான் எப்பவும் தங்கம் இருக்கும்... நேத்து வரைக்கும் உடைச்ச தங்கச் சுவரை முதலாளி ஆளுங்க பலகை அடிச்சு மூடிட்டானுங்க. விளக்கு வெளிச்சத்துல இதை அள்ளிட்டேன்."

அப்பாவையும் சேத்து இன்னைக்கு நாள் கிடைச்ச பதினோரு பேர் மூட்டையையும் பிரிச்சோம். எல்லாம் அதேதான்.

முதலாளி லிபோரியோ கம்பளிக் கோட்டுல கையை விட்டுக்கிட்டு வந்தான். "என்ன கூட்டம்? உங்க நாள், உங்க அதிர்ஷ்டம்."

"பலகை அடிச்சது யார் அதிர்ஷ்டம்?"ன்னாரு அப்பா.

"பிடிக்கலேன்னா மலையை விட்டு இறங்குடா. உன் இடத்துக்கு ஆயிரம் பேர் நிக்கிறான்."

எதிர்வீட்டு சாந்துசா அக்கா சும்மா இருப்பாங்களா? "அப்போ மூட்டையெல்லாம் நீங்களே வச்சுக்கங்க முதலாளி. உங்க பொண்ணுக்குச் சங்கிலி பண்ணிப் போடுங்க, நல்லா மினுக்கும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. காவல்காரன் துப்பாக்கியைத் தோள்லருந்து இறக்கினான். சிரிப்பு நின்னுடுச்சு.

அம்மா நேரா சுரங்க வாசலுக்கு நடந்தா.

"ஏய், நில்லுடி! பொம்பளை உள்ள போனா தங்கம் மறைஞ்சிடும்!"ன்னு முதலாளி கத்தினான்.

"எங்களுக்கு அது எப்பவோ மறைஞ்சாச்சு."

கால் வச்சுட்டா, நெலி! ஆம்பளைங்க சிலுவை போட்டுக்கிட்டாங்க. அப்பா முகம் வெளுத்துப்போச்சு. அம்மாவை வெளிய இழுத்துடுவாரோன்னு நெனச்சேன். அவரு மூட்டையைத் தூக்கிட்டு வந்து வண்டி நகர முடியாதபடி தண்டவாளத்துல அப்படியே கவுத்தாரு. பின்னாடியே மத்த பத்து பேரும். அப்புறம்தான் சாந்துசா அக்கா உள்ள வந்தாங்க. நானும்.

பலகையைப் பிரிக்கிற வரைக்கும் நகரமாட்டோம். வீட்டுலருந்து தூக்கிட்டு வந்த தங்கச்சி அம்மா மடியிலதான் இருமிக்கிட்டுக் கிடக்கா. விடிஞ்சா போலீஸ் வரும்னு முதலாளி சொல்லிட்டுப் போயிருக்கான். பயமாத்தான் இருக்கு.

நீ போய் உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. கம்பளி எடுத்துக்கோ. உள்ள நிறைய இடம் இருக்கு.