மெதுவாக ஓட ஒரு பெட்டி

காரை வேகமாக ஓடவைக்கக் காசு செலவழித்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மக்களே. மெதுவாக ஓடவைக்கக் காசு செலவழித்த ஒருத்தியை எனக்குத் தெரியும். பாறசாலையில் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற சுகுமாரிதான் அது.

ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைக் கார், ஒரு டீச்சர், வேலியில் கட்டிய ஒரு போர்டு. அவ்வளவுதான். கார் புதிது. ஆக்ஸிலரேட்டரில் பெருவிரல் பட்டாலே முன்னால் பாயும். தொடங்கிய மாதமே, சபையில் பாட்டெடுத்துக் கொடுக்கிற லீலாபாய் அப்படிப் பாய்ந்து, ரோட்டோரத்தில் மரச்சீனிக்கிழங்கு நட்டிருந்த விளைக்குள் போய் நின்றாள். ஒன்பது மூடு மரச்சீனி சாய்ந்தது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பாட்டெடுக்க வாய் திறந்தபோது பின்பெஞ்சில் யாரோ "மரச்சீனி" என்று முணுமுணுக்க, சபை முழுக்கச் சிரித்துவிட்டது. லீலாபாய் அதன்பிறகு கார் பக்கமே வரவில்லை.

சுகுமாரிக்கு அது பொறுக்கவில்லை. நேராகப் பனச்சமூட்டில் ராபின்சனுடைய கடைக்குப் போனாள். காருக்குக் கொம்பும் வாலும் வைத்துக் கொடுக்கிற கடை அது. இடிபோல் சத்தம் போடும் சைலன்சர், நீல வெளிச்சம், எல்லாம் அங்கே கிடைக்கும்.

"ராபின்சா, வண்டியை மெதுவாக்குற சாதனம் எதாச்சும் உண்டா?"

ராபின்சன் குடித்துக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தான். "என்ன எக்கா கேக்குதிய? இஞ்ச பறக்கவைக்கதுக்குதான் ஆளு வரும். பைய போவணும்னா நீங்க ஆக்ஸிலரேட்டரைப் பைய சவுட்டினா போராதா?"

"நான் பைய சவுட்டுவேன். படிக்க வாறவளும் சவுட்டாண்டாமா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதைச் சொருக வேண்டும். கால் கொஞ்சம் அழுத்தினாலும் நிறைய அழுத்தியதாக எஞ்சினிடம் சொல்லிவிடும். எல்லோரும் அதற்குத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பொத்தானைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோனால் மறுபக்கம் வேலை செய்யும். கால் நிறைய அழுத்தினாலும் கொஞ்சம்தான் அழுத்தியதாகச் சொல்லும்.

"ஒரு காரியம் இப்பளே சொல்லியாச்சு. இதைக் கம்பெனிக்காரன் கண்டா எஞ்சினுக்க வாரண்டி போச்சு. பெறவு எனக்க கடையில வந்து நிண்ணு கண்ணைக் கசக்கிக் கரையப்பிடாது."

"எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றாள் சுகுமாரி.

பெட்டி ஏறியது. யாரும் தெரியாமல் பொத்தானை அழுத்திவிடக் கூடாதே என்று, அதன்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை இரண்டு சுற்று ஒட்டி, "தொடாதே" என்று தமிழில் ஒரு வரியும் மலையாளத்தில் ஒரு வரியுமாக எழுதினாள். அன்றுமுதல் கார் நிறைமாத கர்ப்பிணி மாதிரி நடந்தது. லீலாபாய் திரும்பி வந்தாள், லைசன்சும் எடுத்தாள். ஆட்டோ ஓட்டுகிற மோகனன், ஐந்தாம் வகுப்பில் சுகுமாரியோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், தினமும் காரை முந்திப் போகும்போது தலையை வெளியே நீட்டிக் கேட்பான்: "டீச்சரே, எறங்கித் தள்ளட்டா?"

"போடே, போயி உனக்க சோலியைப் பாரு!"

இப்படிப் பதினான்கு மாதம்.

இனி லில்லிக்குட்டியைச் சொல்கிறேன். பொழியூர்க் கடற்கரைக்காரி. ஐம்பத்தாறு வயது. கடற்கரையில் மீன் எடுத்து, உள்ளூர்களில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். பஸ்ஸில் மீன்பாத்திரத்தை ஏற்றினால் கண்டக்டர் முகம் சுளிக்கிறான் என்று, சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வாங்க முடிவு செய்தாள். அதற்கு முன்னால் லைசன்ஸ் வேண்டும். கம்பிகளுக்கு நடுவில் எச் எழுத்து வடிவில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுகிற ‘எச்’ போடுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பி ஒன்றைக்கூட உரசாமல் எடுத்துவிடுவாள். ஆனால் ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னால், கார் பின்னால் உருளும். இல்லாவிட்டால் உறுமி நின்றுபோகும். இரண்டு தடவை அதிலேயே தோற்றாள். மூன்றாவது டெஸ்ட் ஒரு வியாழக்கிழமை. அவளுடைய லேர்னர்ஸ் காகிதம் அந்தச் சனிக்கிழமையோடு தீர்கிறது. தவறினால், எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

"இன்னொரு மட்டம் அந்தக் கேள்வித்தாளைப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல டீச்சரே" என்று அவள் சொல்லியிருந்தாள். "இந்த மட்டம் கிட்டல்லன்னா தலைச்சுமடு போதும்."

அந்த வாரத்துத் திங்கட்கிழமை, செங்கல் என்கிற ஊரில் கோயிலுக்குப் போகிற ரோட்டில், லில்லிக்குட்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே காருக்கு ஒரு விறையல் வந்தது. குளிர்சுரம் கண்டவனைப்போல உலுக்கி உலுக்கி, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, நின்றுவிட்டது.

"நான் ஒண்ணும் செய்யல்ல டீச்சரே! மாதாவாணை!"

"நீங்க செய்யல்ல எக்கா. பயராதீங்க."

பின்னால் வந்த மோகனன் ஆட்டோவை நிறுத்தினான். அன்றைக்கு அவன் கிண்டல் செய்யவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்தான். ஆட்டோ இழுக்க, காருக்குள் இரண்டு பெண்கள் இருக்க, நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஊர்வலம் போய்ச் சேர்ந்தது. வழியில் கல்யாண வீட்டிலிருந்து வந்த ஒரு வேன் நிறையப் பேர் கை காட்டினார்கள். லில்லிக்குட்டியும் திரும்பக் கை காட்டினாள்.

சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பொறுப்பேற்றவள் பிரசீதா. இருபத்தெட்டு வயது இருக்கும். காதில் பேனா சொருகியிருப்பாள். அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னாள்: பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற ‘காயில்’ என்கிற கம்பிச்சுருள் ஒன்று செத்துவிட்டது. வாரண்டியில் புதிது போடலாம். நாளைக்கே வண்டி தரலாம்.

சுகுமாரி மூச்சை விட்டாள். அந்த மூச்சு முழுவதும் வெளியே வருவதற்குள், காருக்குள் குனிந்திருந்த மெக்கானிக்கின் குரல் வந்தது.

"மேடம், இஞ்ச ஒரு சாதனம் இருக்கு."

ராபின்சன் சொன்னதுபோலவே ஆயிற்று. ஒருவன் குனிந்து பார்த்துவிட்டான்.

பிரசீதாவின் முகம் மாறியது. "சேச்சி, இது வேகத்துக்கு வைக்கிற பெட்டியல்லே? எஞ்சின் கண்ட்ரோல்ல வெளிச் சாதனம் வச்சா எஞ்சின் வாரண்டி முழுக்கப் போகும். நான் எழுதித்தான் ஆகணும். பின்னே கம்பெனி ஆள் வந்து பாக்காம நாங்க வண்டியில கை வைக்க முடியாது. ரெண்டு வாரம் ஆகும்."

ரெண்டு வாரம். வியாழனுக்கு இருப்பது மூன்று நாள். சுகுமாரி லில்லிக்குட்டியைப் பார்த்தாள். லில்லிக்குட்டி தரையைப் பார்த்தாள்.

மோகனன் சுகுமாரியின் காதோரம் வந்தான். "டீச்சரே, வாங்கும்பளே அதுல இருந்துதுன்னு சொல்லு. உனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லு."

"எலே, அதுல எனக்க கையெழுத்து கெடக்கு."

"என்னது?"

சுகுமாரி அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "பெட்டி நான் வச்சதாக்கும் மோளே. ஆனா வேகத்துக்கில்ல. மெதுவா போவதுக்கு."

சர்வீஸ் சென்டரே சிரித்தது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தான். பிரசீதா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகள் அவளுக்கு நிறையக் கேட்டுப் பழக்கம். "சேச்சி, போன ஆழ்ச்ச ஒருத்தன் வந்தான். தம்பி வச்சதுன்னான். அதுக்கு முந்தி ஒருத்தன், எலி கடிச்சு வயர் தானே சேர்ந்ததுன்னான். மெதுவா போகன்னு இப்பத்தான் கேக்கிறேன்."

"நீ குனிஞ்சு அந்தப் பொத்தானைப் பாரு."

பிரசீதா குனிந்தாள். செல்போன் வெளிச்சத்தில் பதினான்கு மாத அழுக்கேறிய பிளாஸ்டர் தெரிந்தது. ஓரம் சுருண்டு, ஒட்டியவிடத்திலேயே ஊறிப்போயிருந்தது. தொடாதே, தொடாதே என்று இரண்டு மொழியில் நின்றது. அவள் மெதுவாக உரித்தாள். பொத்தான் கடைசி எண்ணில் இருந்தது.

அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து காரில் மாட்டினாள். மக்களே, இப்போதைய கார்கள் கோளாறு வந்த நிமிடத்தை அப்படியே குறித்து வைத்துக்கொள்ளும். காயில் செத்த நேரத்தில் வண்டியின் வேகம் என்ன, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எல்லாம் அதில் இருக்கும். பிரசீதா படித்தாள். மறுபடி படித்தாள்.

"வேகம் பதினொண்ணு" என்றாள்.

"அது ரோடு ஒழிஞ்சு கெடந்ததுனால. கொஞ்சம் வேகமாத்தான் போனோம்" என்றாள் லில்லிக்குட்டி, குற்றத்தை ஒத்துக்கொள்கிற குரலில்.

மெக்கானிக் டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல சராசரி வேகம் பன்னிரண்டு காட்டுது. வாங்கினதுலேருந்து யாரும் அழிக்கல. ரோட் ரோலர் இதைவிட வேகமாப் போகும்!" என்றான்.

பிரசீதா காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மோகனன், "நான் தினமும் சொல்லுவேன் மேடம், இவ கேக்கமாட்டா" என்று சேர்ந்துகொண்டான். கடைசியில் சுகுமாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சேச்சி" என்றாள் பிரசீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இந்த எஞ்சின் மாதிரி சுகமா வாழ்ந்த எஞ்சின் இந்த ஷெட்டுல வந்ததில்ல. காயில் போனதுக்கும் பெட்டிக்கும் ஒரு பந்தமும் இல்ல. வந்தத வந்தபடியே நான் எழுதுவேன், பெட்டி இருந்ததையும் சேர்த்து. மேலே உள்ள ஆளைக் கூப்பிட்டுக் கேக்கிறேன்."

கண்ணாடி அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் போனில் பேசினாள். வெளியே இருந்தவர்களுக்கு அவளுடைய கை அசைவுதான் தெரிந்தது. ஓர் இடத்தில் கட்டைவிரலால் எதையோ ஒட்டிக் காட்டினாள். பிளாஸ்டர்க் கதை போகிறது என்று சுகுமாரிக்கு விளங்கியது. பிறகு வந்து சொன்னாள்: "காயில் வாரண்டியில கிட்டும். ஆனா பெட்டியை இப்பவே எடுக்கணும். இனி வைக்கமாட்டேன்னு எழுதித் தரணும். அடுத்த மட்டம் கண்டா என்னாலயும் முடியாது."

சுகுமாரி கையெழுத்துப் போட்டாள். பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆனால் திரும்பி வருகிற ஆட்டோவில் அவளுக்கு வேறு கவலை. காரைக் காப்பாற்றியாயிற்று. இனி லில்லிக்குட்டியை யார் காப்பாற்றுவது? பெட்டியோடு ஓட்டியே ஏற்றத்தில் ஏறாதவள், பெட்டி இல்லாமல் என்ன செய்வாள்? லீலாபாயின் ஒன்பது மூடு மரச்சீனியும் கண்முன் வந்து வந்து போயின.

செவ்வாய் சாயங்காலம் வண்டி வந்தது. புதன்கிழமை காலையில், பள்ளிக்கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஏற்றத்துக்குப் போனார்கள். சுகுமாரி தன் பக்கத்து பிரேக்கின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது, ஜெபம்தான்.

"எக்கா, பெருவிரல் மட்டும். பெருவிரலுக்க நகம் மட்டும். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு. நீங்க கண்ணைத் தொறங்க டீச்சரே."

லில்லிக்குட்டி நடு ஏற்றத்தில் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தாள். கிளச்சைக் கொஞ்சம் விட்டாள், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாள். எஞ்சின் உடனே குரல் கொடுத்தது. பிரேக்கை விட்டாள்.

கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. வழுக்கென்று மேலே ஏறியது. உச்சியில் போய் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. நான்கு தடவை. சுகுமாரியின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை.

"எக்கா! இது எப்பிடி?"

லில்லிக்குட்டிக்கே ஆச்சரியம். கொஞ்சம் யோசித்தாள். "டீச்சரே, எனக்க மாப்பிள சிலுவைதாசனுக்குக் கை ஒடிஞ்சப்ப, ரெண்டு வருஷம், ஆறு கடல்ல சேருற பொழியில எஞ்சின் வள்ளம் ஓட்டினது நானாக்கும். ஆத்து ஒழுக்குல நிக்கும்ப எஞ்சினுக்க கைப்பிடியைத் திருப்பினா அது உடனே வேகம் தரணும். இல்லன்னா கடலுக்கு இழுத்திட்டுப் போயிரும். உங்களுக்க வண்டி சவுட்டினா ஒண்ணும் சொல்லாது. நான் இன்னும் சவுட்டுவேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லாது. பயத்துல நான் காலை எடுத்துருவேன், அப்ப அது உருளும். இண்ணைக்கு நான் கேட்டேன், அது தந்துது."

சுகுமாரி வாயில் கை வைத்தாள். "ஏன் எக்கா இதை முந்தியே சொல்லல்ல?"

"கார்னா இப்பிடித்தான் இருக்கும்னு நான் நெனச்சேன். எனக்கு வேற காரு எங்க தெரியும்?"

"லீலாபாய்க்கு ஒத்துவந்துது, எல்லாருக்கும் ஒத்துவரும்னு நெனச்சிட்டேன் எக்கா" என்றாள் சுகுமாரி. லில்லிக்குட்டி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மீன் எடுத்துப் பழகிய கை, நல்ல கனம்.

வியாழக்கிழமை எச் வழக்கம்போல் போயிற்று. ஏற்றத்தில் லில்லிக்குட்டி நிறுத்தினாள், எடுத்தாள். ஆபீசர் காகிதத்திலிருந்து தலை நிமிர்வதற்குள் மேலே போய்விட்டாள். அவர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இன்னொரு தடவையும் போய்விட்டாள். பாஸ் என்றதும், மைதானத்தின் நடுவில் சுகுமாரியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். லைசன்ஸ் கைக்கு வருகிறவரை எல் போர்டு இருக்கட்டும் என்று சுகுமாரி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாறசாலைக்கு முன்னால், நேர் ரோட்டில், மோகனனின் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

லில்லிக்குட்டி கண்ணாடியைப் பார்த்தாள். "டீச்சரே, போவட்டா?"

பதினான்கு மாதத்தில் அந்தக் கார் எதையும் முந்தியதில்லை. சைக்கிளைக்கூட முந்தியதில்லை. சுகுமாரி எதிரே பார்த்தாள். ரோடு காலியாகக் கிடந்தது.

"போங்க எக்கா. ஹாரன் அடிச்சிட்டுப் போங்க."

கார் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தது. மோகனனின் வாய் திறந்தபடி நின்றது. சுகுமாரி கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"எலே மோகனா, எறங்கித் தள்ளட்டா?"