கறுப்பாத்தானே இருந்துது
என் லேப்டாப்பில் ஐகான் கிடையாது, பட்டன் கிடையாது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய கிழம் அது. படம் காட்டச் சொன்னால் மூச்சு வாங்கும். கறுப்புத் திரையில் ப்ளே அம்மா என்று தட்டி எண்டர் அடித்தால் போதும், அம்மா பாடுவாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிய என் அம்மா அன்னபுஷ்பம், மண்ணூர் வீட்டில் சமைத்துக்கொண்டே பாடியதை நான் போனில் பிடித்து இதில் ஏற்றி வைத்திருந்தேன். நடுவில் இருமுவாள். "போதும்டி, கொழம்பு அடி புடிக்குது" என்பதோடு பாட்டு முடியும். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அந்தப் போனும் பின்னாலேயே செத்துப்போனது. ஷிப்ட் முடிந்து வந்து அந்தக் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

என் புருஷன் பெயர் பென்சன். அவனுக்கு அந்தக் கறுப்பைக் கண்டாலே ஆகாது. "இன்னா லிசா, கெட்டுப்போன ஏடிஎம் மாதிரி கீது" என்று கிண்டல் பண்ணுவான். வந்து உட்கார், காட்டுகிறேன் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! போனை நோண்டிக்கொண்டே தலையாட்டுவான், அவ்வளவுதான்.

நேற்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், வாசலிலேயே லேப்டாப்பும் கையுமாக பென்சன், முகமெல்லாம் சிரிப்பு. திரையில் நீல வானம், பூ, கலர் கலராகப் பட்டன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் கொடுத்து, மெமரி கூட்டி, பழையதைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஏற்றி வந்திருக்கிறான்.

"இனிமே டைப்பே பண்ண வேணாம். இத்த அமுக்கு, பாடும்."

அமுக்கினேன். பாட்டு எதுவும் இல்லை என்று வந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"உள்ள இன்னா இருந்துது? ஒரு படம்கூட இல்ல, வெறும் கறுப்பாத்தானே இருந்துது. கடைக்காரன் கேட்டான். ஒண்ணுமில்ல, அழிச்சிடுன்னுட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் லேப்டாப், என் அம்மா. ஒன்றுமில்லை என்று சொல்ல இவன் யார்?

"என்னை ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா பூடும்?" கத்திவிட்டேன். "டெய்லி கேட்டுக்கினுதானே இருந்த, எங்கம்மா கொரல! அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"நெட்லேர்ந்துதானே? கத்தாத, இரு. இப்பவே எடுத்துத் தரேன்."

அந்த லேப்டாப் முன்னால் முதல் முறையாக உட்கார்ந்தான். தேடும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அம்மாவின் பெயரைத் தட்டினான். யார் யாரோ அன்னபுஷ்பங்கள் வரிசையாக வந்தார்கள்.

"இதுல அத்தை பாடுனது எது?" என்றான். "பாத்துச் சொல்லு."